பிளேஸ்டேஷன் 1 டிம் ஃபைல்: படம் பட்டை பட்டையாக உடைகிறது, எங்கே சிக்கல்?

வியாசை_எட்டு | வியாசர்பாடி

அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் தெரு அணிக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. சாயங்காலம் ஆட்டம் முடிந்தால் பசங்க அங்கேதான் இருப்பார்கள். அங்கே ஒரு பிளேஸ்டேஷன் 1 இன்னும் நன்றாக ஓடுகிறது, கூடவே பழைய கால்பந்து கேம் ஒன்று. பசங்களுக்கு இத்தாலியும் பிரேசிலும் வேண்டாமாம், நம்ம ஜெர்சி போட்ட அணி அதில் வர வேண்டுமாம். நியாயமான ஆசைதான். மெனுவும் தமிழில் வந்தால் இன்னும் நல்லது. அதனால் டிஸ்க்கை கம்ப்யூட்டரில் ஏற்றி, உள்ளே இருக்கும் படங்களை எடுக்கப் பார்க்கிறேன்.

படங்கள் டிம் என்ற வடிவத்தில் இருக்கும், ஒவ்வொன்றும் 10 00 00 00 என்று தொடங்கும் என்று தெரிந்துகொண்டேன். டிஸ்க்கின் நகலான .bin ஃபைலை (பின் ஃபைல்), பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து தேடினேன். ஓர் இடத்தில் இப்படி இருந்தது:

10 00 00 00 08 00 00 00

அங்கிருந்து வெட்டி, தனி ஃபைலாகச் சேமித்து, டிம் காட்டும் மென்பொருளில் திறந்தேன். மெனுப் படத்தின் மேல்பகுதி பளிச்சென்று வருகிறது. 15 வரிசை வரை சுத்தம். அப்புறம் இரண்டு மூன்று வரிசைக்கு வெறும் புள்ளிக் குப்பை. பிறகு படம் திரும்ப வருகிறது, ஆனால் வலப்பக்கம் நகர்ந்து. மறுபடி குப்பை, மறுபடி நகர்வு. கீழே வரை இப்படியே. ஒவ்வொரு குப்பைப் பட்டையின் கடைசிப் பக்கமாக ஒரே நிறத்தில் ஒரு சின்னக் கோடும் தவறாமல் இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். ஃபைலின் தலைப்பில் (ஹெட்டரில்) படத்தின் அகலம் 64 என்று இருக்கிறது. திரையில் வருவதோ 256 பிக்சல். எது சரி?


கொருக்கு_கேமர் | கொருக்குப்பேட்டை

டிஸ்க்கில் கீறல் இருக்கும் ப்ரோ. அந்தக் காலத்து டிஸ்க் எல்லாம் இப்போது பாதி உரிந்துபோயிருக்கிறது. துடைத்துவிட்டு, குறைந்த வேகத்தில் திரும்ப எடுத்துப் பாருங்கள்.


பர்மாபஜார்_பழசு | ராயபுரம்

கீறல் இவ்வளவு ஒழுங்காக வராது. கீறல் விழுந்த டிஸ்க்கில் கம்ப்யூட்டர் அந்த இடத்தில் திணறி நிற்கும், இல்லையென்றால் கண்ட இடத்தில் கெடும். இங்கே அளவெடுத்த மாதிரி ஒரே இடைவெளியில் கெடுகிறது. அது டிஸ்க்கின் அமைப்பிலிருந்தே வருகிறது.

பர்மா பஜாரில், ராஜாஜி சாலை ஓரக் கடைகளில் பிளேஸ்டேஷன் ரிப்பேர் பார்த்தவன் நான். அசல் டிஸ்க்கின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும், பெரும்பாலானவர்கள் கையில் இருந்ததோ எழுதிய வெள்ளி டிஸ்க். சிப் போட்ட மிஷினில்தான் அது ஓடும், ஏனென்றால் அசல் டிஸ்க்கின் ஆரம்பப் பகுதியில் பதிந்திருக்கும் நாட்டுக் குறியீட்டைச் சாதாரண ரைட்டரால் எழுத முடியாது. அந்த வேலையில் பழகியதால் சொல்கிறேன், தம்பி: பின் ஃபைலும் டிஸ்க்கில் உள்ள ஃபைலும் ஒன்றில்லை. பின் ஃபைல் டிஸ்க்கை அப்படியே பச்சையாக எடுத்தது.

அந்த 8 பைட்டுக்கு அடுத்து வரும் எண்களையும் போடு. மணலி அக்கா பார்த்தால் மீதியைச் சரியாகச் சொல்வார்.


வியாசை_எட்டு | வியாசர்பாடி

நன்றி அண்ணா. ஹெக்ஸ் எடிட்டர் (எச்எக்ஸ்டி) காட்டுவதில் முதல் 8 பைட்டை ஹெக்ஸிலேயே விட்டு, மீதியைத் தசம எண்ணில் எழுதுகிறேன். 10 00 00 00, 08 00 00 00 ஆகியவற்றுக்கு அப்புறம் 44. பிறகு 0, 480, 16, 1. அதன் பின் 32 பைட் ஏதோ எண்கள். பிறகு 32780. அப்புறம் 640, 0, 64, 256. அதற்குப் பிறகு படம்.


மணலி_அசெம்பிளி | மணலி

தம்பி, ஃபைலில் ஒரு கோளாறும் இல்லை. அது மிக ஒழுங்கான டிம். நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே முழுவதும் படித்துவிடலாம்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதைப் படம் என்று நினைத்துப் பார்த்தால் பாதி எண்கள் எதற்கு என்றே புரியாது. பிளேஸ்டேஷனின் வீடியோ நினைவகத்தில் எந்தச் சரக்கை எங்கே இறக்க வேண்டும் என்று சொல்லும் சீட்டுதான் டிம். நம்ம பக்கம் எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டி யார்டில் எங்கே உட்கார வேண்டும் என்பது தாளிலேயே இருக்கும், கிரேன் ஓட்டுபவர் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. டிம் ஃபைலை ஏற்றும் கேமும் படத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த யார்டின் அளவு 1 மெகாபைட். 1024 கட்டம் அகலம், 512 கட்டம் உயரம், ஒரு கட்டத்துக்கு 16 பிட். டிவியில் தெரியும் திரை, டெக்ஸ்சர்கள் (உருவங்களின்மேல் ஒட்டும் படங்கள்), நிறப் பட்டியல்கள் எல்லாமே இந்த ஒரே பரப்பில்தான் இருக்க வேண்டும். அதனால்தான் ஃபைலுக்குள்ளேயே இடக்குறியீடு இருக்கிறது.

இப்போது எண்களைப் பாருங்கள்.

முதல் 4 பைட்டில் 10 என்பது டிம் அடையாளம், அடுத்தது பதிப்பு, அது எப்போதும் சுழி. அடுத்த 4 பைட்டில் 08. இதன் கீழ் மூன்று பிட்டுகள் ஒரு பிக்சலுக்கு எத்தனை பிட் என்று சொல்லும்: 0 என்றால் 4 பிட், 1 என்றால் 8 பிட், 2 என்றால் 16 பிட், 3 என்றால் 24 பிட். அதற்கு மேல் இருக்கும் பிட், அதாவது 8 மதிப்புள்ளது, நிறப் பட்டியல் கூட வருகிறது என்பதற்கு அடையாளம். உங்களுடையது 8 கூட்டல் 0. ஆக 4 பிட் படம், பட்டியலோடு. 09 என்று இருந்தால் 8 பிட்.

44 என்பது நிறப் பட்டியல் பகுதியின் மொத்த நீளம். இந்த நீளத்தில் அந்தப் பகுதியின் 12 பைட் தலைப்பும் அடக்கம். 12 போனால் 32 மிச்சம், 16 நிறம் பெருக்கல் 2 பைட். நடுவில் உள்ள 0, 480 என்பது இறக்க வேண்டிய இடம். 16, 1 என்பது 16 நிறம், ஒரு வரிசை. இந்தப் பட்டியலைத்தான் க்ளட் என்று சொல்வார்கள். பிக்சலில் இருப்பது நிறமல்ல, இந்தப் பட்டியலில் எத்தனையாவது நிறம் என்ற எண். அதன் இடது ஓரம் 16-இன் மடங்கில்தான் உட்கார முடியும்.

32780 படப் பகுதியின் நீளம். 12 கழித்தால் 32768. இறக்கும் இடம் 640, 0. அளவு 64, 256.

உங்கள் 64 சந்தேகத்துக்கு விடை இங்கேதான். அந்த அகலம் பிக்சல் கணக்கில் இல்லை, வீடியோ நினைவகத்தின் 16 பிட் கட்டக் கணக்கில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் நான்கு 4 பிட் பிக்சல் அடங்கும். 64 பெருக்கல் 4, 256. இரண்டு எண்ணும் சரிதான். 8 பிட் படமாக இருந்தால் 2-ஆல் பெருக்க வேண்டும், 16 பிட் என்றால் அப்படியே.

இடம், அளவு என்று நான்கு எண் வருகிறதே, அது சோனி கொடுத்த நூலகத்தில் லோட்இமேஜ் என்ற கட்டளை கேட்கும் செவ்வக அமைப்பு, அச்சு மாறாமல். கேம் எழுதுபவர் ஃபைலை ராமில் ஏற்றி, இந்த எட்டு பைட்டின் முகவரியையும் அதற்கு அடுத்த தரவின் முகவரியையும் அந்தக் கட்டளையிடம் நீட்டினால் போதும். எதையும் விரிக்க வேண்டாம், மாற்றி அடுக்க வேண்டாம். எனக்கு இந்த வடிவத்தின் மேல் இருக்கும் மரியாதை இதனால்தான்.

பட்டைச் சிக்கலை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.


மணலி_அசெம்பிளி | மணலி

பர்மாபஜார் அண்ணன் சொன்னதுதான் காரணம். அதைக் கணக்குப் போட்டே நிரூபிக்கலாம்.

சிடியில் தரவு செக்டர் என்ற சம அளவுத் துண்டுகளாக இருக்கும். ஒரு செக்டர் 2352 பைட். அதில் ஃபைலின் தரவு 2048 பைட் மட்டும். முன்னால் 24 பைட்: 12 ஒத்திசைவு, 4 முகவரி, 8 துணைத் தலைப்பு. தரவுக்குப் பின்னால் 280 பைட் பிழை கண்டுபிடிக்கவும் திருத்தவும். பின் ஃபைலில் இவை எல்லாமே இருக்கும். ஒரு செக்டரின் தரவு முடிந்து அடுத்த செக்டரின் தரவு தொடங்க நடுவே 280 கூட்டல் 24, மொத்தம் 304 பைட் படத்துக்குச் சம்பந்தமில்லாத சரக்கு.

உங்கள் படத்தில் ஒரு வரிசை 128 பைட். தலைப்பு, பட்டியல் எல்லாம் சேர்த்து படத்துக்கு முன்னால் 64 பைட். முதல் செக்டரில் படத்துக்கு மிஞ்சுவது 2048 கழித்தல் 64, அதாவது 1984 பைட். 128-ஆல் வகுத்தால் 15.5 வரிசை. நீங்கள் சொன்ன 15 வரிசை சுத்தம் இதுதான்.

304 பைட் குப்பையை 128-ஆல் வகுத்தால் இரண்டு வரிசை போக 48 பைட் மிச்சம். 48 பைட் என்றால் 96 பிக்சல். ஒவ்வொரு பட்டைக்குப் பிறகும் படம் சரியாக 96 பிக்சல் வலப்பக்கம் தள்ளும். அளந்து பாருங்கள்.

கடைசியில் தெரியும் கோடு செக்டரின் ஒத்திசைவுக் குறி. ஒரு சுழி, பத்து 255, மறுபடி ஒரு சுழி என்பதே அதன் வடிவம். பத்து பைட் முழுக்க எல்லா பிட்டும் 1 என்றால், 4 பிட் படத்தில் 20 பிக்சல் நீளத்துக்குப் பட்டியலின் கடைசி நிறம். அதைத்தான் பார்க்கிறீர்கள்.

கீழேயும் கவனியுங்கள். நீங்கள் 32832 பைட் வெட்டியிருந்தால் அதில் குப்பையும் சேர்ந்துவிட்டதால், படத்தின் அடியில் ஏறக்குறைய 32 வரிசை வந்திருக்காது.

தீர்வு எளிது. பின் ஃபைலில் கை வைக்காமல், முதலில் ஃபைல்களைப் பிரித்தெடுங்கள். டம்ப்எஸ்எக்ஸ்ஐஎஸ்ஓ என்ற கருவி அதற்கென்றே இருக்கிறது. அல்லது ஜேபிஎஸ்எக்ஸ்டெக் என்ற மென்பொருளில் பின் ஃபைலைக் கொடுத்தால் செக்டர்களை அதுவே உரித்து, உள்ளே இருக்கும் டிம்களைத் தேடிக் காட்டும்.


வியாசை_எட்டு | வியாசர்பாடி

அக்கா, 96 பிக்சல் அச்சு அசலாகப் பொருந்துகிறது! கோடும் 20 பிக்சல்தான். டம்ப் செய்து எடுத்தேன், மெனுப் படம் முழுசாக வந்துவிட்டது, அடியில் இருந்த வரிசைகளும் சேர்த்து.

ஆனால் ஃபைல்களில் 10 00 00 00 என்று தேடினால் ஏகப்பட்ட இடத்தில் வருகிறது. எது நிஜ டிம், எது இல்லை?


எண்ணூர்_ஷிஃப்ட் | எண்ணூர்

ஹெக்ஸில் 10 என்பது தசமத்தில் 16. அந்த எண் எந்த ஃபைலிலும் சாதாரணமாக வரும், அதனால் அடையாளம் மட்டும் போதாது. நான் எழுதிய சின்னப் பைத்தான் நிரலில் இப்படித்தான் வடிகட்டுகிறேன். அடுத்த 4 பைட் 8, 9, 2, 3 ஆகியவற்றில் ஒன்றா? பகுதி நீளம், அகலம் பெருக்கல் உயரம் பெருக்கல் 2 கூட்டல் 12-க்குச் சமமா? இடமும் அளவும் கூட்டினால் 1024, 512-ஐத் தாண்டாமல் இருக்கிறதா? சில டிம்களில் நீளம் நான்கின் மடங்குக்கு உயர்த்தப்பட்டிருக்கும், அதற்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் தாண்டி ஒரு போலி வருவது அபூர்வம்.

இன்னொன்று. சொந்த நிரல் எழுதுபவர்கள் இரண்டு இடத்தில் மாட்டுகிறார்கள். 4 பிட் படத்தில் 21 என்று ஒரு பைட் இருந்தால் இடப்பக்கப் பிக்சல் 1, வலப்பக்கப் பிக்சல் 2. கீழ்ப்பாதிதான் முதலில். மாற்றிப் படித்தால் படம் வரும், ஆனால் எழுத்துகளின் ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி பல்லுப் பல்லாக இருக்கும். அடுத்தது நிறம். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 5 பிட், கீழிருந்து மேலாக அதே வரிசையில். 31-தான் உச்சம். அதை வெறும் 8-ஆல் பெருக்கினால் 248-இல் நின்றுவிடும், வெள்ளை மங்கும். மூன்று பிட் இடம் தள்ளி, மேல் மூன்று பிட்டுகளைக் கீழே நகலெடுத்துப் போட்டால் 255 வரை வரும்.


கொருக்கு_கேமர் | கொருக்குப்பேட்டை

இதைப் படித்தபிறகு ஒரு கேள்வி. சுருக்கமே இல்லாமல், 16 நிறத்தை வைத்துக்கொண்டு, ஏன் இப்படி ஒரு வடிவம்? ஜிஃப் பட வடிவம் 1987-லேயே வந்துவிட்டது, அதில் சுருக்கமும் இருக்கிறது. சிடியில்தான் 650 மெகாபைட் இருக்கிறதே, முழு நிறத்தில் வைத்திருக்கலாம். சோனி நன்றாக யோசிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.


மணலி_அசெம்பிளி | மணலி

இதில் நான் உறுதியாக மாறுபடுகிறேன்.

சிடியில் இடம் இருந்தது உண்மை. ஆனால் பிளேஸ்டேஷன் 1-இல் ராம் 2 மெகாபைட். செயலி ஏறக்குறைய 33.87 மெகாஹெர்ட்ஸ். இரட்டை வேக டிரைவ், நொடிக்கு 300 கிலோபைட். படத்தைச் சுருக்கி வைத்தால் விரிக்கச் செயலி நேரம் வேண்டும், விரித்ததை வைக்க ராமும் வேண்டும். இரண்டுமே விளையாட்டின் வாயிலிருந்து பிடுங்குவது.

முழு நிறம் என்றீர்கள். வீடியோ நினைவகக் கணக்கைப் போடுங்கள். 320-க்கு 240 திரை, 16 பிட்டில் 1,53,600 பைட். ஒன்று காட்டும்போது மற்றொன்றில் வரைய வேண்டும் என்பதால் இரண்டு, ஆக 3,07,200. மீதி சுமார் 7,41,000 பைட். 256-க்கு 256 டெக்ஸ்சர் 16 பிட்டில் 1,31,072 பைட். ஐந்து வைத்தாலே ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதே டெக்ஸ்சர் 4 பிட்டில் 32,768 பைட். 22 வைக்கலாம். மைதானம், கூட்டம், வீரர்கள், பந்து, கோல்கம்பம், எண்கள், மெனு எல்லாம் அந்த 22-க்குள் வர வேண்டும். 4 பிட்தான் அந்த இயந்திரத்துக்கு இயல்பான மொழி, அதில் சுருக்கம் ஏற்கனவே நடந்துவிட்டது.

ஜிஃப் வடிவத்தில் இறக்கும் இடம் சொல்ல வழியில்லை, வரைகலைச் சிப் அதை நேராகப் படிக்கவும் முடியாது. ஜிஃப் பார்ப்பதற்கான வடிவம். டிம் ஏற்றுவதற்கான வடிவம். 1994 டிசம்பரில் ஜப்பானில் வந்த இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை.


பர்மாபஜார்_பழசு | ராயபுரம்

அக்கா சொல்வதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். எல்லா கேமிலும் டிம் இப்படித் திறந்த நிலையில் கிடைக்காது. நிறைய நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பொட்டலத்துக்குள் டிம்மைச் சுருக்கி வைத்தார்கள், டிரைவ் மெதுவாக இருந்ததால் ஏற்றும் நேரத்தை மிச்சப்படுத்த. அந்த மாதிரி டிஸ்க்கில் அடையாளத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அப்போது எமுலேட்டரில் (கம்ப்யூட்டரில் பிளேஸ்டேஷன் மாதிரி ஓடும் மென்பொருள்) கேமை ஓட்டி, வீடியோ நினைவகத்தையே படமாகப் பார்ப்பதுதான் வழி. பிசிஎஸ்எக்ஸ் ரீடக்ஸ் என்ற எமுலேட்டரில் அந்த வசதி இருக்கிறது. இடப்பக்கம் திரை, வலப்பக்கம் டெக்ஸ்சர்கள், அடியில் மெல்லிய நூல் மாதிரி நிறப் பட்டியல்கள். தம்பி கேமில் அந்தத் தொல்லை இல்லை, நல்ல நேரம்.

கொருக்கு கேட்டதிலும் நியாயம் உண்டு. 24 பிட் டிம்மும் இருக்கிறது, ஆனால் அதை டெக்ஸ்சராக ஒட்ட முடியாது. அசையாத முழுத்திரைப் படத்துக்கு மட்டும்.


கொருக்கு_கேமர் | கொருக்குப்பேட்டை

22-க்கு 5 என்ற கணக்கைப் பார்த்தபிறகு சண்டை போட ஒன்றும் இல்லை அக்கா. ஏற்றுக்கொள்கிறேன்.


வியாசை_எட்டு | வியாசர்பாடி

மெனுப் படத்தைத் தமிழில் மாற்றினேன். ‘ஆட்டம் தொடங்கு’, ‘அணி தேர்வு’, ‘அமைப்புகள்’ என்று ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் எழுதி, 16 நிறமாகக் குறைத்து, டிம்மாக மாற்றினேன். அதே அளவு என்பதால் ஃபைல் நீளம் மாறவில்லை. எமுலேட்டரில் தமிழ் எழுத்து வந்ததைப் பார்த்ததும் பசங்க போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

ஒரு குறை. எழுத்துக்குக் கறுப்பு ஓரம் கொடுத்திருந்தேன். கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் ஓட்டையாகி, பின்னாலிருக்கும் மைதானம் தெரிகிறது.


எண்ணூர்_ஷிஃப்ட் | எண்ணூர்

நிறத்தின் 16-ஆவது பிட் செய்யும் வேலை. 5, 5, 5 போக மிஞ்சும் அந்த ஒரு பிட் ஒளி ஊடுருவலுக்கு. 16 பிட்டும் சுழியாக இருக்கும் நிறத்தை வரைகலைச் சிப் வரையவே வரையாது. ஜிம்பிலிருந்து வந்த சுத்தக் கறுப்பு 00 00 என்று விழுந்திருக்கும், அது ஓட்டைதான்.

பட்டியலில் அந்த நிறத்தை மட்டும் 00 80 என்று மாற்றுங்கள். அந்தப் பிட் ஏறியதும் கறுப்பு, கறுப்பாக வரும்.


மணலி_அசெம்பிளி | மணலி

எண்ணூர் சொல்வது சரி, ஆனால் மெனுவில் ஒரு எச்சரிக்கை. கேம் அந்தப் படத்தை அரை ஊடுருவலோடு வரைந்தால், அந்தப் பிட் ஏறிய நிறமெல்லாம் பாதி ஊடுருவித் தெரியும், கறுப்பும் அப்படித்தான். மெனு மங்கி மங்கி வரும் இடங்களில் இது நடக்கும். 21 04 போட்டுப் பாருங்கள். சிவப்பு 1, பச்சை 1, நீலம் 1. கண்ணுக்குக் கறுப்புதான், சுழியும் இல்லை, ஊடுருவல் பிட்டும் ஏறவில்லை. எந்த நிலையிலும் திடமாக நிற்கும்.


வியாசை_எட்டு | வியாசர்பாடி

21 04 போட்டேன், ஓரம் கெட்டியாக வந்துவிட்டது. அருமை.

ஜெர்சிக்கு வந்துவிட்டேன். ஜெர்சிப் படம் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கிறது, அதுவும் ஏதோ ஒரு அணியின் நிறத்தில். மற்ற அணிகளின் படங்கள் எங்கே? இந்த டிம்மில் க்ளட் பகுதி நீளம் 1036, இடம் 16, 480, அளவு 16, 32.


மணலி_அசெம்பிளி | மணலி

அழகான ஃபைல் தம்பி இது. 1036-இல் 12 போனால் 1024. ஒரு பட்டியல் 32 பைட். ஆக 32 பட்டியல், ஒன்றன்கீழ் ஒன்றாக. 480-இல் தொடங்கி 511 வரை, வீடியோ நினைவகத்தின் அடி விளிம்பைச் சரியாகத் தொட்டு நிற்கிறது. வைத்தவர் கையளவு இடத்தைக்கூட வீணாக்கவில்லை.

எல்லா அணிக்கும் படம் அந்த ஒன்றுதான். எந்த வரிசைப் பட்டியலோடு வரைகிறோமோ அந்த அணியின் ஜெர்சி. படம் காட்டும் மென்பொருள்கள் பெரும்பாலும் முதல் பட்டியலை மட்டும் காட்டும், அதனால்தான் ஒரே அணி தெரிந்தது. ஓர் அணியை மாற்ற 32 பைட் மாற்றினால் போதும்.

உங்கள் அணி நிறம் என்ன? சிவப்பும் நீலமும் என்றால், நல்ல அடர் சிவப்பு 18 00. ஹெக்ஸில் 18 என்றால் 24, 31-க்கு 24 அளவு சிவப்பு. அடர் நீலம் 00 40. பைட்டுகள் தலைகீழாக இருப்பதால் 4000 என்று படிக்க வேண்டும், அது நீலத்தில் 16. துணி மடிப்புக்கு ஒரே நிறத்தின் மூன்று நான்கு சாயல்கள் பட்டியலில் இருக்கும், அவற்றையும் அதே விகிதத்தில் மாற்றினால்தான் ஜெர்சி தட்டையாகத் தெரியாது. தோல், முடி நிறங்கள் சில கேம்களில் அதே 16-க்குள் இருக்கும். அவற்றில் கை வைக்க வேண்டாம்.


வியாசை_எட்டு | வியாசர்பாடி

சிவப்பில் நீலப் பட்டை. எட்டாவது வரிசைப் பட்டியலை மாற்றினேன், ஆட்டத்தில் எங்கள் ஜெர்சி ஓடுகிறது!

பெயர்களைத் தமிழில் காட்ட என்ன செய்வது? எழுத்துரு டிம் 256-க்கு 256, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 16-க்கு 16 கட்டத்தில் இருக்கிறது. தமிழில் 247 எழுத்து ஆயிற்றே.


பர்மாபஜார்_பழசு | ராயபுரம்

247-ஐயும் வரைய வேண்டாம். யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கி (பழைய தமிழ் எழுத்துக் குறிமுறை) எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, புள்ளி வைத்த மெய் 18, உகர வரிசை 18, ஊகார வரிசை 18. மொத்தம் 85. கால், கொம்பு, சுழி, இணைக்கொம்பு மாதிரித் தனியாக நிற்கும் குறிகள் ஏழு. டி, டீ இரண்டும் ஒட்டி வருவதால் தனியாக. 94. ஜ, ஷ, ஸ, ஹ சேர்த்தாலும், எண்கள் சேர்த்தாலும் 256 கட்டத்தில் பாதி தாராளமாக மிச்சம். கேம் உரையில் மட்டும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத வேண்டும். ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால்.


மணலி_அசெம்பிளி | மணலி

ண, ஞ, ஔ எல்லாம் 16 அகலத்தில் நெருக்கடியாகத்தான் வரும், ஆனால் படிக்க முடியும். ஆங்கில எழுத்துகளையும் அழிக்காமல் வைத்திருக்க ஆசைப்பட்டால் ஒரு வழி உண்டு, அந்தக் காலத்து நிரலாளர்களின் வழி.

எழுத்துக்கு 16 நிறம் தேவையில்லை. பின்னணி, ஓரம், மென்மை, உடல் என்று நான்கு அளவு போதும். நான்கு அளவுக்கு 2 பிட். ஒரு பிக்சலில் 4 பிட் இருக்கிறது. கீழ் இரண்டு பிட்டில் ஆங்கிலத் தாள், மேல் இரண்டு பிட்டில் தமிழ்த் தாள். பிக்சலின் மதிப்பு, ஆங்கில அளவு கூட்டல் நான்கு மடங்கு தமிழ் அளவு. ஒரே படத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், மென்பொருளில் திறந்தால் புரியாத கோலமாகத் தெரியும். பிறகு இரண்டு க்ளட் எழுதுங்கள். ஆங்கில க்ளட்டில் 16 நிறமும் எண்ணை 4-ஆல் வகுத்த மீதிப்படி, அதாவது நான்கு நிறம் நான்கு முறை திரும்பத் திரும்ப. தமிழ் க்ளட்டில் 4-ஆல் வகுத்த ஈவுப்படி, ஒவ்வொரு நிறமும் தொடர்ந்து நான்கு தடவை. எந்த க்ளட்டைக் கொடுக்கிறீர்களோ அந்தத் தாள் மட்டும் எழும், மற்றது மறைந்துவிடும். அதே 32,768 பைட்டில் 512 கட்டம். தமிழ் எழுதும்போது கேம் க்ளட் எண்ணை மாற்ற வேண்டும், அதற்கு நிரலில் ஒரு சின்ன இடம் திருத்த வேண்டியிருக்கும். முடியாவிட்டால் ஆங்கிலச் சிறிய எழுத்துகளின் கட்டங்களையும் காலிக் கட்டங்களையும் தமிழுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.


காசிமேடு_நிர்வாகம்

அருமையான இழை, மேலே ஒட்டிவைக்கிறேன். ஒரு நினைவூட்டல்: டிஸ்க் நகலை இங்கே யாரும் பகிர வேண்டாம், கேட்கவும் வேண்டாம். மாற்றிய பைட்டுகளை மட்டும் வைத்திருக்கும் பிபிஎஃப் ஒட்டு (பேட்ச்) ஃபைலாகப் போடுங்கள். சொந்த டிஸ்க் வைத்திருப்பவர் அதன்மேல் பூசிக்கொள்வார்.


எண்ணூர்_ஷிஃப்ட் | எண்ணூர்

ஒட்டு தயாரிக்கும் முன் ஒன்று. மாற்றிய ஃபைல்களை எம்கேபிஎஸ்எக்ஸ்ஐஎஸ்ஓ வைத்து டிஸ்க்காகக் கட்டுங்கள். பின் ஃபைலில் நேராக பைட்டை மாற்றினால் அந்த 280 பைட்டில் இருக்கும் பிழைத்திருத்த எண்கள் பழையதாகவே நிற்கும். எமுலேட்டர் கண்டுகொள்ளாமல் போகலாம், அறையில் இருக்கும் நிஜ மிஷினில் சிக்கல் வரலாம். கட்டும் கருவி அவற்றைப் புதிதாகக் கணக்கிட்டுவிடும். ஃபைல் அளவு மாறாமல் வைத்திருப்பதும் நல்லது, பல கேம்கள் ஃபைலைப் பெயரால் தேடாமல் செக்டர் எண்ணால் நேராகப் போய் எடுக்கும்.


வியாசை_எட்டு | வியாசர்பாடி

சரி அண்ணா, அப்படியே செய்கிறேன். தமிழ் எழுத்துகளை வரைந்து ஏற்றிவிட்டேன், பெயர்கள் வருகின்றன. இடைவெளி மட்டும் கோணல். ‘ர’-வுக்கு அப்புறம் பெரிய இடைவெளி, ‘ண’ பக்கத்து எழுத்தின்மேல் ஏறுகிறது. டிம்மில் எழுத்து அகலம் எங்கே இருக்கிறது?


மணலி_அசெம்பிளி | மணலி

டிம்மில் இருக்காது தம்பி. கட்டத்துக்குள் என்ன எழுத்து, அது எவ்வளவு அகலம் என்பதெல்லாம் டிம்முக்குத் தெரியாது. கேமின் முதன்மை நிரல் ஃபைலில், எஸ்எல்இஎஸ் அல்லது எஸ்எல்யுஎஸ் என்று தொடங்கும் அதில், பெரும்பாலும் எழுத்துக்கு ஒரு பைட்டாக ஓர் அட்டவணை இருக்கும். பழைய ஆங்கில எழுத்துருவை எடுத்து, ஏ (A) முதல் ஜே (J) வரை ஒவ்வொரு எழுத்தும் எத்தனை பிக்சல் அகலம் என்று அளந்து எழுதுங்கள். ஐ (I) மட்டும் மெலிந்திருக்கும், நல்ல அடையாளம். அந்த எண் வரிசையை ஹெக்ஸ் எடிட்டரில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஒவ்வொன்றிலும் 1 கூட்டித் தேடுங்கள், எழுத்துக்கு இடையிலான வெளியையும் சேர்த்து வைக்கும் பழக்கம் உண்டு. அட்டவணை கிடைத்ததும் உங்கள் கட்ட வரிசைப்படி தமிழ் அகலங்களை அதே இடத்தில் எழுதுங்கள், புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக.